காலையில் கல், பகலில் கூழ்

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு வடக்கே 3,978 மீட்டர் உயரத்தில் ரோதாங் கணவாய் இருக்கிறது. 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்படும்வரை, லாஹவுல் மக்கள் மணாலிப் பக்கம் வர இதுவே முக்கிய வழி. குளிர்காலப் பனி சாலையை மூடிவிடும். வசந்த காலத்தில் அப்பனிமீது நடந்தே கடப்பவர்கள் இருட்டிலேயே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் தாண்டிவிடப் பார்ப்பார்கள். விடியலில் கல்லாகக் கிடக்கும் சரிவு நண்பகலில் ஆளைப் புதைத்துவிடலாம். ஒரே சரிவு, ஒரே பனி. சில மணி நேரத்தில் என்ன மாறிவிடுகிறது?

பனி என்றதும் நம் மார்கழிப் பனியை நினைக்காதீர்கள். இது வானிலிருந்து விழுந்து, மாதக்கணக்கில் அடுக்கடுக்காகக் குவிந்த வெண்பனி.

ஆற்று மணலில் ஒரு கைப்பிடி எடுத்துச் சிறிது நீர் தெளித்துப் பிடியுங்கள். உருண்டையாக நிற்கும். இன்னும் நீரை ஊற்றுங்கள். கூழாகி வழிந்துவிடும், அல்லவா? வெண்பனியும் ஏறக்குறைய இப்படித்தான். கொஞ்சம் ஈரம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. மிகுந்த ஈரம் பிரித்துவிடுகிறது. அத்துடன், இரவில் துகள்களை ஒட்டவைத்த பனிக்கட்டி இணைப்புகள் வெயிலில் உருகுகின்றன. உருகிய நீர் கீழே கசிந்து, உட்புகாத ஓர் அடுக்கையோ தரையையோ அடைந்து வழுக்கலாக்குகிறது. சரிவு 30 முதல் 45 பாகை வரை இருந்தால் ஆபத்து மிக அதிகம். ஈரப்பனி உலர்பனியைவிட மெதுவாகத்தான் வரும். ஆனால் ஒரு கன மீட்டர் 400, 500 கிலோ எடை இருக்கும். நின்றதும் சிமென்ட்போல் இறுகிவிடும். உள்ளே அகப்பட்டவரால் கையைக்கூட அசைக்க முடியாது. உடனிருப்பவர்கள் தோண்டி எடுக்கக் கிடைப்பது சில நிமிடங்களே.

இனி இரவைக் கவனிப்போம். ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாக உறைய 80 கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அது எங்கே போகிறது? பெரும்பகுதி வானத்துக்கு! வெண்பனி நம் கண்ணுக்கு வெள்ளை. அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை ஏறக்குறையக் கறுப்புப் பொருள். ஆகவே வெப்பத்தை நன்றாகக் கதிர்வீசுகிறது. வானம் தெளிவாக இருந்தால், காற்றின் வெப்பநிலை 0 பாகைக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடினால் அது கீழ்நோக்கி வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது; பனி சரியாக உறைவதில்லை. தெளிந்த இரவில் புல்மேல் பனித்துளி மிகுவதும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் ஆபத்து எத்தனை மணிக்குத் தொடங்கும்? கடிகாரம் மட்டும் போதாது. கிழக்குப் பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, மாலையில் மேற்கு. பழகிய மலையேறிகள் காலடியையும் பார்ப்பார்கள். மேலோடு தாங்கினால் நடப்பார்கள். கணுக்காலுக்கு மேல் புதைந்தால், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் அந்தச் சரிவை விட்டு விலகுவார்கள். இரவெல்லாம் மேகம் மூடியிருந்தாலோ, பலர் கூடாரத்தை விட்டே கிளம்புவதில்லை.