சிவப்பு மைப் பேனா

ஆரம்பாக்கம்

அன்புள்ள மருமகனுக்கு,

15 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, பரீட்சை எழுதி, இப்போது டெண்டர் செக்‌ஷனில் உட்காரப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நானும் அதே வழியில் வந்தவன்தானே.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. மேலதிகாரி ஒருவர், அவரும் படையிலிருந்து வந்தவர், ஒரு வேலைக்கு டெண்டர் கோர ஏழு நாள் போதும் என்று வாயால் சொன்னார். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதற்கான 2000-ஆம் ஆண்டு விதிகளில் 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். குறைப்பதானால் டெண்டர் கோருபவருக்கு மேலே இருப்பவர் காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், விறைத்து நின்று "எஸ் சார்" சொல்லிவிட்டு ஏழு நாள் என்று நோட் போட்டேன். ஆடிட்டில் பிடித்தார்கள். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றுவிட்டார் அவர். கோப்பில் இருந்தது என் கையெழுத்து மட்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17ஏ மெமோ வந்தது. ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது.

அதைக்கூட மறந்துவிட்டேன். அந்த ஏழு நாளுக்குள் டெண்டர் போட முடியாமல் போன சின்ன கான்ட்ராக்டர் ஒருவர் என் மேஜைக்கு எதிரே வந்து, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனார். அந்த முகம் போகவில்லை.

எல்லையில் வாய் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது உயிரைக் காக்கும். இங்கே எழுதி வாங்கு. மரியாதையாகவே கேள்: "ஐயா, நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் உடனே முடித்துவிடுகிறேன்." பாதி உத்தரவுகள் அங்கேயே நின்றுவிடும்.

அதைவிடக் கஷ்டமானது கூட்டாளி. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் நாளைக்கு செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துவான். எஸ்டிமேட் எவ்வளவு, யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று போனில் கேட்பான். பனிமலையில் உன்னைத் தோளில் தூக்கி வந்தவனாகவே இருக்கட்டும். வீட்டுக்குக் கூப்பிட்டு மீன்குழம்பு ஊற்றிச் சோறு போடு. டெண்டரைப் பற்றி வாய் திறக்காதே. அவன் நண்பன் என்று மேலே எழுதிக் கொடுத்து, அந்தக் கோப்பிலிருந்து விலகிக்கொள். அவன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும்.

வேண்டியவன் என்று சலுகை காட்டாமல் இருப்பது நம் ஏரிக்குப் புதிதா? பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர்மாதாகுப்பம் ஆட்கள் பாடு முறையில்தானே இறால் பிடிக்கிறார்கள். எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. அதனால் எல்லாரும் பார்க்கச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, மாறி மாறி வலை கட்டுகிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் அங்கே சலுகை கிடையாது. அந்த ஒழுங்கைப் பார்த்து வளர்ந்தவன் நீ.

டெண்டர்கள் இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்தான் வருகின்றன. காகிதத்தில் வந்தால், திறக்கும்போது அவசரப்படாதே. விலைப் பட்டியலில் அடித்தல் திருத்தல் ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு எண் கொடு. பக்கத்தின் அடியில் மொத்தம் எத்தனை என்று எழுதிச் சுருக்கொப்பமிடு. திருத்தமே இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுது. வெற்றிடம் விட்டால் சாயங்காலத்துக்குள் ஒரு 3, 8 ஆகிவிடும்.

நல்ல பேனாவாகப் பார்த்து ஒன்று அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கூடவே கொஞ்சம் காய்ந்த இறாலும் இருக்கிறது.

அன்புடன்,
மாமா