ரிமோட் கிராலர் லாரியில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் முறை

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பல்சக்கரத் தொகுதி அச்சின் நடுவே அமைக்கப்படுகிறது, அதுவே டிஃபரன்ஷியல். இது இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையையே பங்கிடுவதால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணாகச் சுழல, தரையைப் பற்றிய சக்கரம் அசையாது நின்றுவிடுகிறது. சென்னைத் துறைமுகம் எழுந்தபின் கடலரிப்பு மிகுந்த இராயபுரம்–எண்ணூர் கரையில் கொட்டப்பட்டுள்ள கருங்கற்களைப் போன்ற மேடுபள்ளங்களில், கிராலர் எனப்படும் பாறையேறும் மாதிரி வண்டி திணறுவதற்குக் காரணம் இதுவே.

1948இல் அசோக் மோட்டார்ஸாக நிறுவப்பட்டு, எண்ணூர் ஆலையால் வடசென்னையின் அடையாளமாகிவிட்ட அசோக் லேலண்ட் உள்ளிட்ட நிறுவனங்களின் கனரக டிப்பர்கள் பலவற்றில், ஓட்டுநர் சேற்றில் பூட்டவும் சாலையில் விடுவிக்கவும் கூடிய டிஃபரன்ஷியல் லாக் உண்டு. டிராக்ஸஸ் 2017இல் வெளியிட்ட டிஆர்எக்ஸ்-4 கிராலரிலும் ரிமோட்டிலிருந்தே அவ்வாறு செய்யலாம். டமியா சிசி-01 போன்ற, பூட்டில்லாத திறந்த டிஃபரன்ஷியல் வண்டிகளில் கையால் செய்யும் பூட்டோ நிரந்தரமானது என்பதால், வேலையைத் தொடங்குமுன் பயன்பாட்டை முடிவுசெய்ய வேண்டும்: பாறைக்கு மட்டுமெனில் இரு அச்சுகளையும், சாலையிலும் ஓட்டுவதெனில் பின்னச்சை மட்டும் பூட்டுவது தகும்.

1. பேட்டரியைக் கழற்றியபின் அச்சுக்கூட்டைத் திறந்து, கிரவுன் வீல் எனப்படும் பெரிய பல்சக்கரத்தோடு டிஃபரன்ஷியலை வெளியே எடுத்து, பாகங்களின் வரிசையைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.

2. உள்ளே அச்சுத்தண்டுகளோடு இணைந்த சன் கியர்களையும், அவற்றுக்கிடையே சுழலும் சிறிய ஸ்டார் பினியன்களையும் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பல்துலக்கியால் தேய்த்து முற்றிலும் உலர்த்த வேண்டும். கிரீஸ் சிறிது எஞ்சினாலும் பசை பிடிக்காது. தின்னர் கூடாது, அது பிளாஸ்டிக்கைச் சிதைக்கக்கூடும்.

3. பூட்டும் பொருள் மூவகைப்படும். சூடான பசைக்குச்சி எளிது, ஆனால் சுமையில் விட்டுவிடக்கூடும். குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீல் கல்லாக இறுகும். பல்சக்கரங்களுக்கு மாற்றாக முழு உலோகத் துண்டாக வரும் ஸ்பூல் அந்த மாதிரிக்குக் கிடைக்குமானால் அதுவே சிறந்தது.

4. எம்-சீலைத் தேர்ந்தால், அதன் இரு பகுதிகளையும் சம அளவில் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, பல்லிடுக்குகளில் காற்றிடைவெளியின்றித் திணிக்க வேண்டும். தண்டு நுழையும் துளை, பேரிங் அமரும் இடம், கிரவுன் வீலின் பற்கள் ஆகியவற்றில் அது படியலாகாது.

5. ஓரிரவு முழுவதும் இறுகவிட்டு, வெளிப்பற்களுக்கு மட்டும் கிரீஸ் தடவிக் கூட்டை மூட வேண்டும்.

6. அச்சைத் தூக்கிப்பிடித்து ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் மற்றதும் அதே திசையில் சுழல வேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால் பூட்டு விழவில்லை.

பூட்டிய வண்டி அகன்ற வட்டத்திலேயே திரும்பும். தார்ச்சாலையிலும் சிமெண்ட் தரையிலும் டயர் இழுபட்டுத் தேய்வதோடு அச்சுத்தண்டும் முறுக்கத்துக்கு உள்ளாவதால், அங்கு மெதுவாகத் திருப்புவது நன்று. கடற்கரையில் ஓட்டியபின் உப்பைத் துடைத்து, பேரிங்குகளை உலர்த்தி எண்ணெயிட வேண்டும். டிப்பர் ஓட்டுநர் சாலையேறியதும் பூட்டை விடுவிப்பது போல இங்கு விடுவிக்க வழியில்லாததால், டயரையும் அச்சையும் காக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரின் கைநிதானத்தையே சார்கிறது.