இரட்சகரின் சுபாவத்தை வேதத்தில் தியானிக்கும் முறை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறவர்களும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுப்படிக்குத் திரும்புகிறவர்களுமாகிய நம் சபை மக்களில் அநேகர் வேதத்தை நாள்தோறும் வாசிக்கிறார்கள். ஆனால் அந்த வாசிப்பு பெரும்பாலும் அன்றைய கவலைக்கு ஏற்ற ஒரு வாக்குத்தத்தத்தைத் தேடி எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. தேடுவது குற்றமன்று. எனினும் வாக்களித்தவர் எப்படிப்பட்டவர் என்பதை அறியாமல் வாக்கை மட்டும் பற்றிக்கொண்டிருக்கும் விசுவாசம், மருத்துவமனையிலிருந்து ஒரு துயரச் செய்தி வரும் நாளில் நிலைகுலைந்துபோவதைக் கண்டிருக்கிறோம். ஆகையால், நமக்கு என்ன கிடைக்கும் என்ற எண்ணத்தைச் சில காலம் ஒதுக்கிவைத்து, இரட்சகர் எத்தன்மை உடையவர் என்ற ஒரே வினாவோடு வேதத்தை வாசிப்பதற்குரிய வழியொன்றை இங்கே விவரிக்கிறேன்.

முதலாவது, நூலைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்விஷயத்தில் பலரும் யோவானையே நாடுவார்கள். நானோ மாற்கைச் சொல்வேன். அவர் எழுதியவை பதினாறே அதிகாரங்கள். இயேசு தேவகுமாரன் என்பதை முதல் வசனத்திலேயே அறிவித்துவிட்டு, அதன்பின் விளக்கவுரை எதையும் நீட்டாமல், அவர் செய்ததையும் சொன்னதையும் விரைந்த நடையில் சொல்லிச் செல்கிறவர் மாற்கு. தீர்மானம் செய்யும் பொறுப்பை வாசகனிடமே விட்டுவிடுகிறார். எந்த மொழிபெயர்ப்பு என்ற கேள்வி எழலாம். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்த காலம் முதல் நம்மவர்க்கு மொழிபெயர்ப்புகளுக்குக் குறைவில்லை. பிரிக்பீல்ட்ஸின் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்துக்கோ சீயோன் லுத்தரன் ஆலயத்துக்கோ செல்லுகிறவர்கள் தாங்கள் கேட்டுப் பழகிய பழைய வேதாகமத்தையும், கிள்ளான் லூர்து மாதா ஆலயத்துக்குச் செல்லுகிறவர்கள் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் எடுத்துக்கொள்ளலாம். செவிக்குப் பழகிய நடையே தியானத்துக்கு உகந்தது.

நூலைத் தெரிந்துகொண்டபின், ஓய்வுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அதை ஆதியோடந்தமாக ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். பிலிப்பு செசரியாவுக்குப் போகும் வழியில், தம்மை யாரென்று எண்ணுகிறீர்கள் என்று சீஷரை நோக்கி அவர் கேட்கும் கேள்வி, எட்டாம் அதிகாரத்தில், ஏறக்குறைய நூலின் நடுவில் நிற்கிறது. அதற்கு முன்னுள்ளவை எல்லாம் அக்கேள்வியை நோக்கி ஏறிவருகின்றன. பின்னுள்ளவை சிலுவையை நோக்கி இறங்கிச் செல்கின்றன. இந்த வடிவம் மனத்தில் பதிந்த பிறகே நாளுக்கு ஒரு சம்பவம் என்று நிதானிக்க வேண்டும்.

அந்த ஒரு சம்பவத்தை இரண்டு முறை வாசியுங்கள்; வீட்டில் வாசிப்பவர்கள் ஒரு முறையேனும் வாய்விட்டு வாசிப்பது நலம். கிள்ளானிலிருந்து சென்ட்ரல் வரை கொமுட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதடு அசைந்தாலே போதும். பின்பு ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நம்மைப் போன்ற மனிதராக அவர் நடந்துகொண்டதை இடப்பக்கத்திலும், மனிதர் எவர்க்கும் கூடாததை அவர் செய்ததை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். நடுவே கோடு போடாதீர்கள். ஏன் என்பது நான்காம் அதிகாரத்துக்கு வரும்போது விளங்கும்.

அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பகல் முழுவதும் ஜனக்கூட்டத்துக்குப் போதித்துக் களைத்துப்போன இயேசு, மாலையில் படகின் பின்புறத்திலே தலையணையின்மேல் தலைவைத்து உறங்குகிறார். புயல் எழும்பிப் படகில் நீர் நிறைந்தும் அவர் விழிக்கவில்லை. இது இடப்பக்கத்துக்கு உரியது: ஓவர்டைம் முடிந்து வருகிறவனின் உறக்கத்தைப் போலவே உண்மையான களைப்பு. சீஷர் அவரை எழுப்புகிறார்கள். அவர் எழுந்து காற்றை அதட்டுகிறார், கடலுக்குக் கட்டளையிடுகிறார். மிகுந்த அமைதல் உண்டாகிறது. இங்கே நிறுத்தி, யோனாவின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோனாவும் புயலின் நடுவே உறங்கினான். ஆனால் அவனை எழுப்பின மாலுமி அவனுடைய தேவனை வேண்டிக்கொள்ளும்படி சொன்னான். இயேசுவோ வேண்டிக்கொள்ளவில்லை, தாமே கட்டளையிட்டார். பிறகு நூற்றேழாம் சங்கீதத்தில் கப்பலேறிப் போகிறவர்களைப் பற்றிய பகுதியை வாசியுங்கள். கொந்தளிப்பை அமர்த்துகிறவர் கர்த்தரே என்று அங்கே காண்பீர்கள். சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்த அச்சீஷர்கள், புயலின்போது பயந்ததைவிட அது அடங்கின பிறகே ஏன் மிகவும் பயந்தார்கள் என்பது அப்பொழுது புரியும். உறங்கினவரும் கட்டளையிட்டவரும் ஒருவரே. ஒரே நாழிகையில், ஒரே படகில். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இரண்டு பக்கங்களையும் தாண்டி, குறுக்கே எழுதுங்கள்.

இப்படிக் குறுக்கே எழுத நேரும் இடங்களே இம்முறையின் பலன். யவீருவின் மகளை மரணத்திலிருந்து எழுப்பினவர், அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொல்ல மறக்கவில்லை. மாறாக, பதின்மூன்றாம் அதிகாரத்தில் கடைசி நாளைக் குமாரனும் அறியார் என்று வருவதையும், கெத்செமனேயில் அவர் வியாகுலப்பட்டதையும் வாசிக்கும்போது சிலர் கலங்கி, அவ்வசனங்களை வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். அது தகாது. இரட்சகருடைய மகிமையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவருடைய தாழ்மையை மறைப்பவன், தன் துக்கத்தில் அவரிடம் போகும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறான். அவ்வசனங்களையும் உள்ளபடியே இடப்பக்கத்தில் எழுதிவிட்டு, எபிரெயர் நிருபத்தின் நான்காம் அதிகார இறுதியைச் சேர்த்து வாசியுங்கள்.

சபையின் உபதேசத்தைக் கற்பதற்கு இதன் பிறகே காலம் வருகிறது. 451-இல் கூடிய கல்செதோன் சங்கம், தெய்வ சுபாவமும் மனித சுபாவமும் ஒன்றோடொன்று கலந்துவிடாமலும், ஒன்றைவிட்டொன்று பிரிந்துவிடாமலும் ஒரே கிறிஸ்துவில் இருக்கின்றன என்று அறிக்கை செய்தது. அதே பிரிக்பீல்ட்ஸில் மலையாளிகள் தொழுதுவரும் மரியாள் சிரியன் ஆர்த்தடாக்ஸ் ஆலயம், கல்செதோனை ஏற்காத பழைய மரபைச் சேர்ந்தது. ஆயினும் அவர்களும் அவரைப் பூரண தேவன் என்றும் பூரண மனிதர் என்றுமே அறிக்கையிடுகிறார்கள், அவ்விரண்டின் ஐக்கியத்தைச் சொல்லும் விதத்திலேயே வேறுபடுகிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் குறுக்கே எழுதிப் பழகினவர்களுக்கு, அத்தனை தலைமுறைகள் ஏன் அவ்வளவு பிரயாசப்பட்டுச் சொற்களைத் தேடினார்கள் என்பது தானே விளங்கும். சம்பவங்களை அறியாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு அது வறண்ட கணக்காகவே இருக்கும்.

ஒவ்வொரு நாளும் முடிவில் ஜெபம் வேண்டும். அது சுருக்கமாயிருக்கலாம், ஆனால் அன்று எழுதியதிலிருந்தே எழ வேண்டும். விண்ணப்பங்களுக்கு முன் அன்று கண்ட ஒரு குணத்துக்காக அவரைத் துதியுங்கள்.

குடும்ப ஜெபத்தில் இதைப் பின்பற்ற விரும்புகிறவர்களுக்கு ஒரு தடை உண்டு. தேசியப் பள்ளியில் படித்த பேரப்பிள்ளைகளில் பலர்க்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. பாட்டிக்கோ தமிழைத் தவிர வேறு மொழியில் வேதம் ருசிக்காது. பாட்டி தமிழில் உரக்க வாசிக்கட்டும். பிள்ளை அதே பகுதியை ஆங்கில வேதாகமத்தில் விரலால் தொடர்ந்து வரட்டும். பின்பு, நம்மைப் போல அவர் என்ன செய்தார், நம்மால் கூடாத எதைச் செய்தார் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். தனக்கு வரும் மொழியில் பிள்ளை பதில் சொல்லலாம். பதில் வந்த பிறகு பிரசங்கம் தொடங்கிவிடாதீர்கள். புயல் அடிக்கும்போது அவர் ஏன் தூங்கினார் என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், அவசரப்பட்டு ஒரு விடையை உண்டாக்கிச் சொல்லாமல், மறுநாளும் அதே பகுதியையே வாசியுங்கள். பதினாறு அதிகாரங்களை இத்தனை மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற நியமம் எதுவும் இல்லை.