பேஸ்பால் அட்டைகள்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

தபால் தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் முதலியவற்றைச் சேகரிக்கும் தோழியர் நம்மிடையே உண்டு. அமெரிக்கச் சிறுவர்கள் பல தலைமுறைகளாகச் சேகரித்து வருவது பேஸ்பால் அட்டை. பேஸ்பால் என்பது உருண்டையான மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு முனைகளையும் சுற்றி ஓடும் ஆட்டம். உள்ளங்கையில் அடங்கும் அட்டையின் ஒரு பக்கம் ஆட்டக்காரரின் படம் இருக்கும். பெரும்பாலும் மறுபக்கம் அவரைப் பற்றிய குறிப்புகள் இருக்கும்.

இவை குழந்தைகளுக்காகத் தோன்றியவை அல்ல. 1880-களில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையை வைத்தனர். அதில் படம் அச்சிட்டால் விற்பனை பெருகும் என்று கண்டனர். 1909 முதல் 1911 வரை வெளியான புகழ்பெற்ற தொகுதியில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் படமும் இருந்தது. அவர் சம்மதிக்காததால் அதனை விரைவில் நிறுத்திவிட்டனர். சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்குப் பணம் தராததே காரணம் என்பர் வேறு சிலர். முதற் காரணமே உண்மையாயிருக்க வேண்டுமென்று என் மனம் விரும்புகிறது. ஆனால் அவரே புகையிலை மெல்பவராம்! இன்று எஞ்சியுள்ளவை ஏறத்தாழ அறுபதே. அவற்றுள் ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது.

பின்னர் அட்டைகள் சூயிங்கத்துடன் வந்தன. 1933-இல் கௌடி என்ற நிறுவனம் 240 எண்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. ஆனால் 106-ஆம் எண் அட்டையை அச்சிடவே இல்லை. அது கிடைக்கும் என்று நம்பிச் சிறுவர்கள் மேலும் மேலும் வாங்க வேண்டும் என்பதே எண்ணம் என்று கூறுவர். கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு மறு ஆண்டு நாப் லாஜவே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தை அந்த எண்ணில் அச்சிட்டு அனுப்பினர். கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகளே பிழைத்தனர்.

ஒரே படம் இரண்டு வந்தால் நண்பனிடம் கொடுத்து வேறொன்று பெறுவதே அக்காலத்து வியாபாரம். சிலர் அட்டையைத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, மோட்டார் போல் படபடவென்று ஒலிக்கச் செய்தனர். பிள்ளைகள் வளர்ந்ததும் தாய்மார் அவற்றைக் குப்பையில் போட்டனர். நிறுவனங்களும் அப்படியே. டாப்ஸ் நிறுவனம் 1952-இல் விற்காமல் மீந்த அட்டைகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அந்தத் தொகுதியிலிருந்த மிக்கி மாண்டில் அட்டை ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எறிந்ததால்தான் இந்த விலை!

இதனை அறிந்த பெரியவர்கள் 1980-களின் பிற்பகுதியில் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தினர். நிறுவனங்களும் கணக்கின்றி அச்சடித்தன. எல்லோரும் எறியாமல் வைத்திருந்ததால் அவற்றில் பெரும்பாலானவை இன்று விலைபோவதில்லை. இப்பொழுது அட்டையின் மூலை மழுங்காமல் இருக்கிறதா என்று சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துவிடுகிறார்கள். தேர்வுத்தாள் திருத்துவது போலத்தான். தொட்டுப் பார்க்க முடியாத படத்தில் என்ன மகிழ்ச்சியோ, எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பிடித்த சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தில் சிராக்கியூஸ் நகரில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மூட்டுவாதத்தால் மிகவும் துன்புற்றார். அட்டைகளுக்கெல்லாம் வகை பிரித்து எண்ணிட்டுப் பட்டியல் வெளியிட்டவர் அவரே. வாக்னர் அட்டை வெளிவந்த தொகுதிக்கு இன்றும் வழங்கும் 'டி206' என்ற பெயர் அவர் இட்டது. தாம் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் படங்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு விலையின்றிக் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல், வலிக்கும் விரல்களால் பல ஆண்டுகள் அங்கேயே அமர்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் பணி முடிந்தது. மார்ச்சில் அவர் காலமானார். ஒட்டப்பட்ட அட்டைக்குச் சந்தையில் மதிப்பு குறைவு. அந்த ஆல்பங்களில் வாக்னர் அட்டையும் ஒன்று இருக்கிறது.