தாய் அருந்தும் மதுவும் கருவிலிருக்கும் சேயும்

சென்ற மாதம் ஊரிலிருந்து அண்ணி தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு இது ஐந்தாம் மாதம். சளிக்கு ஒரு தேக்கரண்டி பிராந்தியை வெந்நீரில் கலந்து குடிக்கும்படி பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாராம். "நீங்கள் உயிர்வேதியியல் படிக்கிறீர்களே தம்பி, குடிக்கலாமா?" என்று கேட்டார். "ஒரு தேக்கரண்டிதானே அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு அந்த விடை என்னை உறுத்தியது. மறுநாள் நூலகத்தில் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

மதுவில் போதை தரும் பொருள் எத்தனால். அதன் மூலக்கூறு மிகச் சிறியது. ஆகவே நஞ்சுக்கொடி அதனைத் தடுப்பதில்லை. தாய் அருந்திய சிறிது நேரத்திலேயே சேயின் குருதியிலும் ஏறத்தாழ அதே அளவு சேர்ந்துவிடுகிறது. அதனைச் சிதைக்கும் நொதி தாயின் கல்லீரலில் உண்டு. சேயின் கல்லீரலிலோ மிகக் குறைவு. மேலும், பனிக்குட நீரிலும் எத்தனால் தங்குகிறது. சேய் அந்நீரையே விழுங்குகிறது.

இதன் விளைவு யாது? 1968இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லெமுவானும் அவருடைய துணைவர்களும், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் குழந்தைகள் 127 பேரை ஆராய்ந்து, அவர்களிடம் கண்ட குறைகளை வெளியிட்டனர். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜோன்ஸ், ஸ்மித் என்போர் இக்குறைகளின் தொகுப்புக்குத் தனிப் பெயர் சூட்டினர். குன்றிய வளர்ச்சி, மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே மழுங்கிய பள்ளம், சிறுத்த கண்திறப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். முகத்தில் ஏதும் தெரியாமலே மூளை பாதிக்கப்படுவதும் உண்டு. அத்தகைய குழந்தை கற்பதிலும் கவனத்திலும் நினைவிலும் இடர்ப்படும். முகம் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் உருப்பெறுகிறது. மூளையோ பேறுகாலம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே, ஐந்தாம் மாதத்தில் அச்சமில்லை என்பது பிழை.

இவ்வளவு வரை தீங்கில்லை என்று எந்த அளவும் இதுவரை நிறுவப்படவில்லை. பிராந்தியோ, பீரோ, கள்ளோ, எதுவாயினும் உள்ளிருப்பது அதே எத்தனால்தான். கருவுற்றதை அறியாமல் முன்பே அருந்தியவர்கள் அஞ்சி ஒடுங்க வேண்டா. அறிந்த அன்றே நிறுத்தினாலும் நன்மை உண்டு. மருத்துவரிடம் மட்டும் மறைத்தலாகாது. நிறுத்த இயலாமல் தவிப்பவர்க்கு வேண்டுவது ஏச்சன்று, உதவியே.

அன்று மாலையே அண்ணியை அழைத்து, "நேற்று நான் சொன்னது தவறு" என்றேன். "எனக்கே மனம் ஒப்பவில்லை தம்பி, ஆவி பிடித்தேன், சளி இளகிவிட்டது" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நம்மைப் படித்தவர்கள் என்று நம்பி வீட்டார் கேட்கிறார்கள். "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் நல்ல விடைதான், நண்பர்களே!