கணினித் தமிழில் ஔகார வடிவம்: குறியேற்றமும் பாடத் தூய்மையும்

ஆய்வுச் சுருக்கம்

ஔகாரத்தின் வலப்பகுதியும் ளகர மெய்யின் அகரமேறிய வடிவும் ஒத்த தோற்றமுடையன. இவ்வொப்புமையால் மின்பதிப்புகளில் ஓரெழுத்து ஈரெழுத்தாகப் பதிவாகிறது. அதனால் தேடல், அகரநிரல், யாப்பாய்வு ஆகியவற்றில் நேரும் பிழைகளையும் அவற்றைத் திருத்தும் நெறியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஔகாரம், ஒருங்குறி, சொல்லடைவு, தளை, மின்பதிப்பு.

முன்னுரை

அச்சில் வாசிப்போர் கண்ணுக்கு ‘ஔவை’ என்பதும் ‘ஒளவை’ என்பதும் ஒரே சொல். கணினிக்கோ அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். தட்டச்சுப் பொறியில் ளகர விசையை அடித்தே ஔகாரத்தை அமைக்கும் பழக்கம் இருந்தது. அப்பழக்கம் கணினிக்கும் வந்தமையால் இச்சிக்கல் நிலைபெற்றது.

குறியேற்ற நிலை

ஒருங்குறியில் தமிழுக்குரிய பகுதி, பதின்ம எண்ணில் கூறின், 2944 முதல் 3071 வரை அமைவது. இதில் ஔ 2964, ஒ 2962, ள 2995. ஔகார உயிர்மெய்க் குறி (ௌ) 3020. இவற்றோடு ஔகார நீட்டுக்குறி 3031 என்னும் இடத்தில் தனியே உள்ளது. ஒகரத்தையடுத்து இந்நீட்டுக்குறி வரின் அதனை ஔகாரத்திற்கு நிகராகவே ஒருங்குறி கொள்கிறது. இயல்பாக்கம் செய்யும்போது இரண்டும் ஒன்றாகும். ஒகரத்தையடுத்து ளகரம் வரின் அந்நிகர்மை இல்லை. எனவே எவ்வியல்பாக்கமும் ‘ஒளவை’யை ‘ஔவை’யாக மாற்றாது.

விளைவுகள்

முதலாவது, தேடலும் சொல்லடைவும். ‘கௌதமன்’ எனத் தேடுவோர்க்குக் ‘கெளதமன்’ எனப் பதிவானவை கிட்டா. ஒரு சொல்லின் வருகை இரண்டாகப் பிரிவதால் எண்ணிக்கை குறையும்.

இரண்டாவது, அகரநிரல். ஔகாரச் சொற்கள் ஓகாரத்தை அடுத்து, ககரத்திற்கு முன் வரவேண்டியவை. பிழைப் பதிவில் அவை ஒகரச் சொற்களுக்கு இடையே சென்று சேரும்.

மூன்றாவது, யாப்பு. இதுவே ஆய்வாளர் மிகவும் கருதத்தக்கது. ‘ஔவை’ நேர்நேர்; தேமா. ‘ஒளவை’ எனப் பதிவானால் முதலிரு குறிலும் இணைந்து நிரையாகிப் புளிமாவாகும். வெண்பாவில் இதற்கு முன் விளச்சீர் நிற்பின் உண்மையில் அமைவது இயற்சீர் வெண்டளை. கணினியோ நிரையொன்றாசிரியத்தளை எனக் காட்டும். புலவர்பால் இல்லாத பிழை பாட்டின்மேல் ஏறுகிறது.

திருத்தும் நெறி

எகரக் குறியையடுத்த ளகரம் அனைத்தையும் ஔகாரக் குறியாக மாற்றுவது எளிய வழிபோல் தோன்றும். அவ்வாறு செய்தால் ‘வெள்ளம்’ என்பது ‘வௌ்ளம்’ எனவும், ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ எனவும் சிதையும். இத்தகைய சிதைவு பிழைப் பதிவினும் கொடிது. முன்னது கண்ணுக்கேனும் சரியாகத் தோன்றும்.

ஆகவே ளகரத்தின்பின் வருவதை நோக்கவேண்டும். புள்ளியோ உயிர்க்குறியோ தொடரின் அது மெய்யான ளகரமே. ஏனெனில் ஔகாரம் உயிராதலின் அதன்மேல் புள்ளியோ பிற உயிர்க்குறியோ ஏறாது. ‘ஒள்வாள்’, ‘ஒளி’, ‘கெளிறு’ என்பன இவ்வகையின. எதுவும் தொடராத இடங்களை மட்டும் ஐயத்திற்குரியனவாகப் பிரித்து, ‘மௌனம்’, ‘வௌவால்’, ‘கௌரவம்’ போன்ற சொற்பட்டியலோடு ஒப்பிட்டு மாற்றலாம். பட்டியலில் இல்லாதவற்றைப் பதிப்பாசிரியரே மூலத்தோடு ஒத்துப்பார்த்து முடிவு செய்யவேண்டும். ‘அவ்வை’ என்னும் போலி வடிவம் இதனின் வேறானது. அது பாடவேறுபாடு ஆதலின் திருத்தத்தக்கதன்று.

முடிவுரை

ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த காலத்தில் ஏடெழுதுவோர் பிழை களைதல் பதிப்பாசிரியர் கடனாயிற்று. அச்சிலிருந்து கணினிக்கு வரும் இக்காலத்தில் கண்ணுக்குப் புலப்படாத பிழையைக் களைதலும் அக்கடனில் அடங்கும். மின்பாடத்தைக் கொண்டு எண்ணிக்கை கூறும் ஆய்வு எதுவாயினும், ஔகாரப் பதிவைச் சரிபார்த்த பின்னரே முடிவுரைத்தல் தகும்.