அட்டவணையில் இன்னொரு நிரல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள், தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிற்காக 'வளரிளம் பெண்களிடம் இரத்தசோகை' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டனர். வழிகாட்டி ஆசிரியர் நான்தான். வினாநிரல் தயாரித்து, மூன்று தெருக்களில் வீடு வீடாகச் சென்று, வரைபடங்களை வண்ணத்தில் வரைந்து மாவட்ட அளவுக்குப் போனார்கள். நடுவர் ஒரே கேள்விதான் கேட்டார். "பையன்களிடம் கேட்டீர்களா?" பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைப்பில் 'பெண்களிடம்' என்று எழுதச் சொன்னவன் நான்.

திரும்பி வரும் பேருந்தில் குழுத் தலைவி கேட்டாள். "வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை பசங்களுக்கும்தானே சார் கொடுக்குறோம்? அப்புறம் ஏன் அவங்கள விட்டுட்டோம்?" என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான், மருத்துவ உலகமே இந்தத் தவற்றை மறுபக்கமாகச் செய்திருப்பது தெரிந்தது. 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஆண் உடலில் கண்ட முடிவே பெண்ணுக்கும் பொருந்தும் என்ற பழக்கம் அதனால் வலுப்பெற்றது. 1993இல்தான் அந்த வழிகாட்டுதல் மாற்றப்பட்டது. சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை அங்கே 1992இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் இரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்று 2013இல் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். இடையில் இருபது ஆண்டுகள்!

இந்தச் செய்தியை வகுப்பில் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இல்லாதது என்பதாலோ என்னவோ, பின்வரிசையும் கவனித்தது.

அடுத்த ஆண்டு அதே தலைப்பை இருபாலருக்குமாக எடுத்தோம். இங்கே நான் கற்றதை மற்ற வழிகாட்டி ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வயது. உலக சுகாதார நிறுவன அளவுகோலின்படி 12 முதல் 14 வயது வரை இருபாலருக்கும் 100 மி.லி. இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை. 15 வயதிலிருந்து ஆண்களுக்கு அந்த எல்லை 13 கிராம் ஆகிறது. கருவுறாத பெண்களுக்கு 12 கிராமாகவே தொடர்கிறது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுவதும், மாதவிடாயில் இரும்புச்சத்து இழப்பாவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். எட்டாம் வகுப்பு மாணவிகளையும் பத்தாம் வகுப்பு மாணவர்களையும் ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு பாலினுடையதா வயதினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, காரணம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இன்படி, இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. இதைப் பார்த்ததும் "பெண்ணுடம்பு அப்படித்தான்" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். உடலால் வரும் வேறுபாடு எது, வளர்ப்பால் வரும் வேறுபாடு எது என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். முட்டை யார் தட்டில் விழுகிறது, மீன் துண்டு யாருக்குப் பெரிது என்ற கேள்விகளும் வினாநிரலில் இருக்க வேண்டும். எங்கள் மாணவர்கள் இந்தக் கேள்விகளை வீட்டில் கேட்டுவிட்டு வந்த மறுநாள், வகுப்பில் நல்ல சண்டை நடந்தது. நான் தடுக்கவில்லை.

சராசரியை மட்டும் போட்டு நிறுத்தவும் கூடாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்டவிலக்கம் இருக்கிறது. ஒவ்வொருவரின் அளவையும் புள்ளியாக வைத்தால், இரு கூட்டங்களும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழுவது கண்ணுக்கே தெரியும். கணித ஆசிரியையைக் கேட்டதில், அவர் இரண்டு பாடவேளைகளைத் தந்து உதவினார்.

நாம் யாருக்கும் ஊசி குத்தக்கூடாது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் பதிவுகளைத் தலைமையாசிரியர், பெற்றோர் ஒப்புதலுடன், பெயர்களை நீக்கிப் பயன்படுத்தினோம். மாதவிடாய் பற்றிய கேள்விகளை ஆசிரியை ஒருவர் தனியறையில், பெயர் எழுதாத தாளில் வாங்கினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த மாணவர் நிரலில் ஓர் எண் மிகக் குறைவாக இருந்தது. பெயர் தெரியாததால் மருத்துவக் குழுவிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டோம். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிய பையன், என் வகுப்பில் எப்போதும் மேசைமேல் தலைசாய்த்துக் கிடப்பவன். இரவெல்லாம் கைப்பேசி பார்ப்பான் என்று எண்ணி, எத்தனையோ முறை அவனை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். குடற்புழு நீக்கமும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சில மாதங்களில் கபடி அணியில் சேர்ந்தான்.

இந்த ஆண்டுக்கான வினாநிரலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் கேள்வி: "உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார்?"